ஜெயிக்க முடியாத விளையாட்டு

மகனின் புற்றுநோயையும் தங்கள் ஜெபங்களையும் ஒரு வீடியோ கேமுக்குள் வைத்த அமெரிக்கத் தம்பதி

நள்ளிரவு. ஆஸ்பத்திரி அறை. தொட்டிலில் ஒரு குழந்தை வீறிட்டு அழுகிறது. அப்பா தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறார், அழுகை கூடுகிறது. ஜூஸ் கொடுக்கிறார், குடித்த வேகத்தில் வாந்தி. கீழே விட்டால் தொட்டில் கம்பியில் தலையை மோதிக்கொள்கிறான். திரைக்கு இந்தப் பக்கம் மவுஸைப் பிடித்திருக்கும் நாம் எதை அழுத்தினாலும் ஒன்றும் நடப்பதில்லை. கேம் ஆடிப் பழகியவர்களுக்குக் கை பரபரக்கும். எங்கோ ஒரு வழி இருக்கத்தானே வேண்டும், சரியான வரிசையில் செய்தால் அழுகை நிற்கத்தானே வேண்டும் என்று தேடுவார்கள். அப்படி ஒரு வழி வைக்கப்படவில்லை. எல்லாம் செய்து ஓய்ந்த பிறகு அப்பா ஜெபிக்கிறார். குழந்தை அடங்கித் தூங்கிப்போகிறது.

'தட் டிராகன், கேன்சர்' என்ற கணினி விளையாட்டில் வரும் காட்சி இது. அந்த அப்பாவின் பெயர் ரயன் கிரீன். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் லவ்லண்ட் என்ற ஊரைச் சேர்ந்தவர். கணினி நிரல் எழுதுவது தொழில். மனைவி எமி. இருவரும் பக்தியுள்ள கிறிஸ்தவர்கள். மகன் ஜோயலுக்கு ஒரு வயதை ஒட்டி மூளையில் புற்றுநோய் என்று தெரியவந்தது. அந்த இரவு உண்மையிலேயே நடந்தது. பிள்ளைக்கு வயிற்றுப்போக்கும் வாந்தியுமாக உடம்பில் நீர் வற்றிப்போயிருந்தது, அப்பா மட்டும் துணைக்கு இருந்தார். எதைச் செய்தாலும் பலிக்காத அந்த மணிநேரங்கள்தான், இது ஒரு விளையாட்டின் வடிவம் அல்லவா, விதிகள் மட்டும் தலைகீழாக இருக்கின்றன என்று அவரை யோசிக்கவைத்தன.

2012இல் நண்பர் ஜோஷ் லார்சனோடு சேர்ந்து வேலையைத் தொடங்கினார். 2013இல் இந்த ஒரு காட்சியை மட்டும் விளையாட்டுத் துறைக் கண்காட்சிகளில் மக்களுக்குக் காட்டினார்கள். துப்பாக்கிச் சத்தமும் ஆரவாரமும் நிறைந்த கூடத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்கள். அப்போது ஜோயல் உயிரோடு இருந்தான்.

இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அன்று அந்தக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு அது ஜெபம் கேட்கப்பட்ட கதை.

ஜோயலுக்கு வந்தது ஏ.டி.ஆர்.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கட்டி. அரிதானது, மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைகளைத்தான் பெரும்பாலும் பிடிக்கும், வேகமாக வளரும். 22ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு செயலிழந்துபோவதால் வருவது. பெற்றோர் சாப்பிட்டதோ செய்ததோ காரணமில்லை. அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு என்று மூன்றையும் கொண்டு எதிர்ப்பார்கள். ஆனால் அத்தனை சிறு வயதில் மூளைக்குக் கதிர்வீச்சு கொடுத்தால் வளர்ச்சியையே பாதிக்கும் என்பதால் டாக்டர்கள் தயங்குவார்கள். ஜோயலுக்குக் கட்டி திரும்பி வந்தபோது, இனிச் சில மாதங்கள்தான் என்று சொல்லிவிட்டார்கள். அவன் அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் இருந்தான். கட்டி வரும், கதிர்வீச்சில் கரையும், வேறிடத்தில் முளைக்கும். இதற்கு நடுவில் நடந்தான், சிரித்தான், நாயைக் கொஞ்சினான். வயதுக்கேற்ற பேச்சு மட்டும் வரவில்லை.

இப்படி ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் விசுவாசம் என்ன ஆகும்? கதைகளில் இரண்டே பதில்தான் வரும். ஒன்று, பாறைபோல நிற்கும். இன்னொன்று, பொடிப்பொடியாகிப் போகும். கிரீன் வீட்டில் நடந்தது இரண்டுமில்லை. எமி உறுதியாக நம்பினார். டாக்டர்கள் கைவிட்ட பிறகும் பிள்ளை பிழைத்திருப்பதே ஓர் அற்புதம், ஆண்டவர் தொடங்கியதை அரைகுறையாக விடமாட்டார், ஜோயல் பூரண சுகமடைவான் என்றே பேசினார். ரயனும் விசுவாசிதான். ஆனால் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முன்னால் அவர் மனம் மோசமான முடிவைத் தயார் செய்து வைத்துக்கொள்ளும். ஒரே வீட்டில், ஒரே கடவுளிடம், ஒரே பிள்ளைக்காக ஜெபிக்கும் இரண்டு பேருக்குள் இத்தனை தூரம் இருக்க முடியும்.

இந்தத் தூரத்தை விளையாட்டு மறைக்கவில்லை. ஒரு காட்சியில் எமி படகில் இருக்கிறார். ரயன் தண்ணீருக்குள். மேலே வா என்று மனைவி அழைக்கிறார். அவரோ மூழ்கிக்கொண்டே போகிறார். நாம் அவரை மேலே நீந்தவைக்கப் பார்க்கலாம், இன்னும் ஆழத்துக்கும் விடலாம். தம்பதியின் மனத்தாங்கல்களை அவர்கள் வாயாலேயே கேட்கிறோம். குழந்தையின் நோய் கல்யாணத்துக்குள் என்ன செய்யும் என்பதை ஆஸ்பத்திரிக் காரிடாரில் எதிரெதிர் நாற்காலியில் மௌனமாக உட்கார்ந்திருக்கும் எந்தத் தம்பதியைப் பார்த்தாலும் ஊகிக்கலாம். ஆனால் "நீ நம்புகிற அளவுக்கு என்னால் நம்ப முடியவில்லை" என்று ஒருவர் மற்றவரிடம் சொல்வது, அதுவும் சபைக்குத் தெரியும்படி சொல்வது, லேசான காரியமில்லை. விசுவாசக் குறைவால்தான் சுகம் தாமதமாகிறது என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம் வாயை அடைத்துவிடும்.

நம்மூர்ச் சபைகளுக்குப் போய்வருகிறவர்களுக்கு இது தெரியும். பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய் என்று செய்தி வந்த அன்றே வாட்ஸ்அப்பில் ஜெபக்குறிப்பு சுற்றும். சங்கிலி ஜெபம், உபவாச ஜெபம், முழு இரவு ஜெபம் எல்லாம் நடக்கும். பாஸ்டர் வந்து எண்ணெய் பூசி ஜெபிப்பார். கத்தோலிக்கக் குடும்பமானால் மொட்டை போடுவதாக, நடைப்பயணம் வருவதாக வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொள்வார்கள். சாப்பாடு கொண்டுவந்து கொடுப்பதும், ரத்தம் கொடுக்க ஆள் பிடிப்பதும், கைச்செலவுக்கு என்று கவரைத் திணிப்பதும் அந்த ஜெபக்குழுவில் இருப்பவர்கள்தான். அதைச் சொல்லாமல் விடுவது நன்றிகெட்டதனம்.

பிள்ளை பிழைத்தால் அடுத்த ஞாயிறு சாட்சி சொல்ல மைக் கொடுப்பார்கள். வேளாங்கண்ணியில் நன்றிக் காணிக்கைகளை வைத்திருக்கும் காட்சிக்கூடத்தில் தங்கத்திலும் வெள்ளியிலும் கை, கால், கண், தொட்டில் என்று வரிசையாகப் பார்க்கலாம். ஒவ்வொன்றும் கேட்கப்பட்ட ஒரு வேண்டுதல். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள்? அவர்களும் அதே ஜெபத்தை, அதே கண்ணீரோடு, சில வேளை அதே பெஞ்சில் உட்கார்ந்து செய்தவர்கள். அவர்களுக்கு மைக் கிடையாது. "கர்த்தருடைய சித்தம்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போவார்கள். சில மாதங்கள் போனால் அதுவும் குறைந்துவிடும். அவர்களைப் பார்த்ததும் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

கிரீன் தம்பதி செய்தது, சுகம் கிடைக்காத பிள்ளைக்காக எழுந்து நின்று சாட்சி சொன்னது என்றே நான் பார்க்கிறேன். அவர்களுக்குக் கைவந்த ஊடகம் கணினி, அதனால் அது கேமாக வந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அவர்கள் ஜெபித்தார்களே தவிர மருந்தை நிறுத்தவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் ஜெபமா கீமோவா என்று கட்சி பிரிப்பார்கள். வார்டுக்குள் அந்தச் சண்டை அநேகமாக இருப்பதில்லை. ஒரு கையில் சலைன் ஏறிக்கொண்டிருக்கும், தலைமாட்டில் பைபிள் இருக்கும். மெம்ஃபிஸ் நகரில் 1962இல் தொடங்கிய குழந்தைகள் புற்றுநோய் ஆராய்ச்சி மருத்துவமனைக்கே புனித யூதா ததேயு பெயர்தான். கைவிடப்பட்ட காரியங்களுக்குப் பாதுகாவலர் என்று கத்தோலிக்கர்கள் வேண்டிக்கொள்ளும் அப்போஸ்தலர் அவர். பிழைப்புக்கு வழி தெரியாமல் நின்ற டேனி தாமஸ் என்ற நகைச்சுவை நடிகர், எனக்கு வழிகாட்டினால் உனக்கு ஆலயம் எழுப்புகிறேன் என்று நேர்ந்துகொண்டார். அந்த நேர்த்திக்கடன் ஆஸ்பத்திரியாக நின்றது. அங்கே சேரும் குழந்தையின் குடும்பத்துக்குச் சிகிச்சை பில் போவதில்லை. அந்தக் காலத்தில் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயில் பிழைத்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். இன்று வசதியான நாடுகளில் அதே நோயில் பத்தில் ஒன்பது பிள்ளைகள் வரை பிழைக்கிறார்கள்.

அந்த மாற்றத்தின் தொடக்கப்புள்ளிகளில் ஒருவர் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர், எல்லப்பிரகட சுப்பாராவ். இளமையில் ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவியாகப் போக ஆசைப்பட்டவர். அமெரிக்காவில் லெடர்லி ஆய்வகத்தில் அவர் தலைமையில் உருவான அமினாப்டெரினைத்தான் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் லுகேமியா குழந்தைகளுக்குக் கொடுத்து, நோய் தற்காலிகமாக அடங்குவதை 1948இல் உலகுக்குக் காட்டினார். அதன் நெருங்கிய உறவான மெதோட்ரெக்ஸேட் இன்றும் குழந்தைகள் வார்டில் ஏறிக்கொண்டிருக்கிறது. ஆனால் லுகேமியாவில் கிடைத்த வெற்றி எல்லாக் கட்டிக்கும் கிடைத்துவிடவில்லை. ஜோயலுக்கு வந்தது இன்னும் அடங்காத வகை. பக்கத்துப் படுக்கையில் இருக்கும் பிள்ளை வேறு பெயருள்ள புற்றுநோயோடு வந்து குணமாகிப் போவான். அவன் வீட்டாரும் ஜெபித்திருப்பார்கள். பெற்றோரை உள்ளுக்குள் அரிப்பது இந்த ஒப்பீடுதான்.

விளையாட்டில் மருந்துகள் வரும் விதம் வேறு. ஜோயல் சிவப்புச் சக்கர வண்டியில் உட்கார்ந்து வார்டைச் சுற்றி ரேஸ் விடுகிறான். கார் பந்தய விளையாட்டுபோல வழியில் கிடப்பதையெல்லாம் அள்ளிக்கொண்டு, சிரிப்பும் கத்தலுமாக, ஆடுகிறவருக்கும் உற்சாகம் தொற்றிக்கொள்ளும். ரேஸ் முடிந்ததும் திரையில் கணக்கு வருகிறது. அள்ளியதெல்லாம் அவன் உடம்பில் ஏறிய மருந்துகளும் சிகிச்சைகளும். அந்தச் சிரிப்பு நடிகருடையதல்ல; ஜோயலின் சிரிப்பையே பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். ரயன், எமி குரல்களும் அவர்களுடையவைதான். ஆனால் திரையில் யாருக்கும் முகம் கிடையாது. முக அம்சங்கள் தீட்டப்படாத உருவங்கள். முதலில் உறுத்தும். கொஞ்ச நேரத்தில் நமக்குத் தெரிந்த ஏதாவது ஒரு பிள்ளையின் முகம் வந்து அங்கே ஒட்டிக்கொள்கிறது.

கட்டி திரும்பிவிட்டது என்று டாக்டர் சொல்லும் காட்சி இன்னொரு மாதிரி. அறையில் நான்கு பெரியவர்கள். ஜோயல் கையில் சுழற்றினால் மிருகச் சத்தம் போடும் பொம்மை. அதன் முள்ளை நாம் திருப்பத் திருப்ப, ஒவ்வொருவர் பக்கத்திலிருந்தும் அதே பேச்சைக் கேட்கிறோம். செய்தியைச் சொல்ல வேண்டிய டாக்டருக்குள் ஒன்று ஓடுகிறது, நர்ஸுக்குள் ஒன்று, அப்பாவுக்கு வேறு, அம்மாவுக்கு வேறு. அறைக்குள் மழை பெய்து தண்ணீர் ஏறுகிறது. மரணச் செய்தியைச் சொல்கிறவரின் பாரத்தையும் சேர்த்துக் காட்டியது எனக்குப் பிடித்தது. பிள்ளையை இழந்த குடும்பம் டாக்டரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் கதை சொல்வது அபூர்வம்.

வீட்டில் ஜோயலின் அண்ணன்மார் கேள்வி கேட்டார்கள். கேட்காமல் இருப்பார்களா? அவர்களுக்காகப் பெற்றோர் சொன்ன கதையில்தான் அந்த டிராகன் வருகிறது. கவசம் அணிந்த குட்டி வீரன் ஜோயல், எதிரே கேன்சர் என்ற டிராகன். விளையாட்டிலும் அந்தக் கதை பழைய பாணி வீடியோ கேமாகவே வருகிறது: ஓடு, குதி, ஈட்டியை வீசு. எத்தனை முறை வீசினாலும் டிராகன் விழாது. கதையைக் கேட்டுக்கொண்டிருக்கும் சிறுவர்களிடம் கிருபை என்றால் என்ன என்று அம்மாவும் அப்பாவும் விளக்க முயல்கிறார்கள். அந்த விளக்கம் தடுமாறுவதை அப்படியே விட்டிருக்கிறார்கள். ஞாயிறு பள்ளி ஆசிரியர் யாராவது செம்மைப்படுத்திக் கொடுத்திருந்தால் கெட்டுப்போயிருக்கும்.

2014 மார்ச் 13 அன்று அதிகாலை ஜோயல் இறந்தான். ஐந்து வயது.

அதற்கு முந்தைய மணிநேரங்களில் நண்பர்களை வரவழைத்திருந்தார்கள். பாடினார்கள், ஜெபித்தார்கள். பிழைக்கவைக்கும்படிதான் ஜெபித்தார்கள், நிம்மதியாகப் போகட்டும் என்று கேட்கவில்லை. இதைத்தான் விளையாட்டின் கதீட்ரல் காட்சியாக்கியிருக்கிறார்கள். உயரமான கோயில், நிறக் கண்ணாடி வெளிச்சம், மெழுகுவர்த்திகள். பலருடைய ஜெபங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, யார் என்ன சொல்கிறார்கள் என்று பிரிக்க முடியாத இரைச்சலாகின்றன. நாம் அங்குமிங்கும் தொட்டுப் பார்க்கிறோம், ஏதாவது திறக்குமா என்று. எதுவும் திறப்பதில்லை. குரல்கள் உச்சத்துக்குப் போய் நின்றுவிடுகின்றன.

இந்த இடத்துக்கு வந்தபின் ஆரம்பத்து ஆஸ்பத்திரி இரவு வேறாகத் தெரிகிறது. அன்று அப்பா ஜெபித்தார், பிள்ளை தூங்கினான். இன்று ஊரே ஜெபித்தது. முன்பு நடந்ததைப் பொய் என்று வெட்டியெறிய ரயனுக்கு உரிமை இருந்தது; மகன் இறந்தபின் விளையாட்டின் பெரும்பகுதியை மாற்றியமைத்தவர்தானே. வெட்டவில்லை. கேட்கப்பட்ட ஜெபமும் கேட்கப்படாத ஜெபமும் ஒரே விளையாட்டுக்குள், ஒன்று மற்றதை ரத்து செய்யாமல் இருக்கின்றன. வேதத்திலும் அப்படித்தான் இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். இறந்துபோன யவீருவின் மகள் இயேசு அழைத்ததும் எழுந்து நடக்கிறாள். தாவீதின் குழந்தையோ ஏழாம் நாள் இறந்துபோகிறது. அதுவரை தரையில் கிடந்து உபவாசித்த அரசன், செய்தி கேட்டதும் எழுந்து குளித்து, தொழுதுவிட்டு, சாப்பாடு கேட்கிறான். அரண்மனைக்காரர்களுக்கு அது புரியவில்லை. முதல் கதையில் பிரசங்கம் கேட்ட அளவுக்கு இரண்டாவதில் நாம் கேட்டிருக்கிறோமா?

விளையாட்டை முடிக்கப் பொதுமக்களிடம் நிதி கேட்டார்கள். 2014 இறுதியில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. பணம் கொடுத்தவர்களில் தங்கள் பிள்ளையை, தாயை, நண்பரைப் புற்றுநோய்க்குக் கொடுத்தவர்கள் நிறையப் பேர். அவர்கள் அனுப்பிய கடிதங்களும் படங்களும் ஆஸ்பத்திரிக் காட்சி ஒன்றில் வாழ்த்து அட்டைகளாகக் குவிந்திருக்கின்றன. ஒவ்வொன்றாகத் திறந்து படிக்கலாம். எல்லாரும் விசுவாசிகள் அல்ல. கடவுளை நம்பாதவர்களின் துக்கத்துக்கும் அங்கே அதே அளவு இடம்.

ஜோயல் இருந்திருந்தால் ஏழு வயது ஆகியிருக்கும் நாளில், 2016 ஜனவரி 12 அன்று, விளையாட்டு வெளியானது. பாராட்டு குவிந்தது. காசு வரவில்லை. பலர் யூடியூபில் வேறொருவர் ஆடுவதை முழுக்கப் பார்த்து அழுதுவிட்டு, வாங்காமல் போய்விட்டார்கள். விற்பனையிலிருந்து தங்கள் கைக்கு இன்னும் ஒரு டாலரும் வந்து சேரவில்லை என்று அந்த மார்ச்சில் குழுவினர் வெளிப்படையாக எழுத வேண்டியதாயிற்று. துக்கத்தை விற்கிறார்கள் என்று முணுமுணுத்தவர்களுக்கு அந்தக் கணக்கே பதில். அதே ஆண்டு டிசம்பரில் 'தி கேம் அவார்ட்ஸ்' மேடையில் விருது வாங்கிய ரயன், நாங்கள் சொல்ல விரும்பிய கதை இதுவல்ல என்ற பொருளில் அழுதுகொண்டே பேசினார்.  அடுத்த ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருதும் வந்தது, புதுமைக்காக.

விளையாட்டு கதீட்ரலோடு முடியவில்லை. அதன் பிறகு ஒரு வெளி. ஜோயல் விரிப்பில் உட்கார்ந்திருக்கிறான், பக்கத்தில் நாய், முன்னால் அவனுக்குப் பிடித்த பான்கேக் மலைபோலக் குவிந்திருக்கிறது, சோப்புக் குமிழிகள் பறக்கின்றன. சில விமர்சகர்களுக்கு இது ஒவ்வவில்லை. இத்தனை நேரம் எதையும் மழுப்பாமல் காட்டிவிட்டுக் கடைசியில் சொர்க்கத்தைக் கொண்டுவந்து சமாதானம் சொல்கிறார்களே என்பது குறை. கலை என்று பார்த்தால் இதுதான் விளையாட்டின் பலவீனமான காட்சி, நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அதை எடுத்துவிடச் சொல்ல எனக்கு வாய் வராது. இது இல்லாமல் எமியின் கதை பாதியில் நிற்கும். அவர் நம்பியது இதை. மகன் போனபிறகும் நம்புகிறார். அதை மறைத்து வைத்து, நம்பாதவர்களுக்கும் உறுத்தாத ஒரு கதையைச் செய்திருந்தால்தான் அது மழுப்பல். மற்றபடி, நான்கு ஆண்டு ஜெபத்துக்குக் கிடைத்த பதில் இதுதான் என்று விளையாட்டு எங்கேயும் சொல்லிக்கொள்ளவில்லை. கதீட்ரலைக் கடக்காமல் இந்த வெளிக்கு வருவதற்கு அவர்கள் வழியும் வைக்கவில்லை.